ஒரு கதவு, 25 பேர்

தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற விதிமுறையில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள் கழிப்பறை கட்ட இடமில்லாத குடியிருப்புகளில் சமுதாயக் கழிப்பிடம் கட்டினால், பெண்களில் 25 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களில் 35 பேருக்கு ஒரு கழிப்பறை இருக்க வேண்டும். காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் தெரியும். அதையே விடிகாலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஒருவர் உள்ளே போய், தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வர ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆளுக்குக் கதவு திறக்கும்போது மணி ஏழு.

அந்த வரிசையில் ஆறரை மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியவர் நிற்பார். கட்டட வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டியைப் பிடிக்க வேண்டிய சித்தாள் நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயிற்றுப்போக்கு வந்தவர்கள் எல்லாரும் அதே வரிசையில்தான். நான்கு கழிப்பறை, நூறு பெண்கள் என்கிற இடத்தில் ஒரு கதவின் தாழ்ப்பாள் உடைந்துபோனால் மிச்சம் மூன்று. காத்திருப்பு இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தொட்டுவிடும். விதிப்படி கட்டிய இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. விதி எட்டாத இடங்களும் ஏராளம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 81.4 விழுக்காடு வீடுகளுக்குச் சொந்த வளாகத்தில் கழிப்பறை இருந்தது. குடிசைப் பகுதிகளை மட்டும் எடுத்தால் அது 66 விழுக்காடு. அங்கே 15.1 விழுக்காடு வீட்டார் பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருந்தார்கள், 18.9 விழுக்காடு திறந்த வெளிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நிறையக் கட்டியிருக்கிறார்கள், நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், வீட்டுக்கு வீடு கேட்டு எழுதிய முழுக் கணக்கு என்று கையில் இருப்பது இன்னும் அந்தப் பழைய எண்தான்.

பகிர்ந்துகொள்ளும் கழிப்பறை என்று சொல்லும்போது மூன்று வேறுபட்ட ஏற்பாடுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதல் வகை, ஒரே வளவுக்குள் குடியிருக்கும் நாலைந்து குடித்தனங்கள் ஒரு கழிப்பறையைப் பகிர்வது. திருச்சி, மதுரைப் பக்கத்து ஸ்டோர் வீடுகளில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யார் இன்றைக்குக் கழுவுவது என்ற சண்டை வரும். ஆனால் சண்டை போட ஆள் யார் என்று தெரியும். வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார். இரண்டாவது, ஒரு குடியிருப்பு முழுவதற்குமான சமுதாயக் கழிப்பிடம். மூன்றாவது, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் உள்ள பொதுக் கழிப்பிடம்.

பின்னைய இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே பலகைதான் மாட்டுகிறார்கள்: ‘கட்டணக் கழிப்பிடம்’. இந்தக் குழப்பத்திலிருந்துதான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன. பேருந்து நிலையத்துக்கு வருபவர் ஒரு தடவை காசு கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு அந்தக் கட்டடம் அவர் வீட்டின் ஒரு அறை. ஐம்பதடி தள்ளி, தெருவைத் தாண்டி இருக்கிறது, அவ்வளவுதான். முன்னதை ஏலம் விட்டு ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிற வழக்கத்தைப் பின்னதுக்கும் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? தடவைக்கு இரண்டு ரூபாய் என்றால், ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு ஒரு தடவை போனாலே மாதம் 300 ரூபாய். வயிறு சரியில்லாத நாளில் காசை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை.

வீட்டுக்கு வீடு கட்டிவிட்டால் தீர்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இலக்கு அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்துக்குப் பதினைந்தடி அறையில் ஆறு பேர் படுத்து எழும் வீட்டில், நான்கடிக்கு நான்கடி ஒதுக்குவது சமைக்கிற இடத்தையோ படுக்கிற இடத்தையோ விட்டுக்கொடுப்பதாகும். ஒதுக்கினாலும் கழிவு எங்கே போகும்? பாதாளச் சாக்கடை அந்தச் சந்துக்குள் வந்திருக்காது. செப்டிக் டேங்க் தோண்ட இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் மண் இருக்காது. நிலம் புறம்போக்கு என்றால் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்தில், நாளைக்கு இடித்துவிடுவார்களோ என்கிற பயத்தில், யாரும் கடன் வாங்கிக் கழிப்பறை கட்டமாட்டார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமையும் இல்லை. ஆகவே இன்னும் பல வருடங்களுக்குப் பல லட்சம் பேருக்கு இந்தப் பொதுக் கட்டடம்தான் கதி. அது ஒழுங்காக ஓடுகிறதா என்பது அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை.

ஒரு கழிப்பிடம் எப்படிப் பாழாகிறது என்று நின்று கவனித்தால், அது ஒரே நாளில் நடப்பதில்லை என்பது தெரியும். முதலில் மோட்டார் எரிந்துபோகும். மேலே உள்ள தொட்டியில் தண்ணீர் ஏறாது. ஆட்கள் வீட்டிலிருந்து ஒரு பக்கெட்டில் கொண்டுவருவார்கள். குடிதண்ணீருக்கே குழாயடியில் நிற்கிற வீட்டில் இதற்கென்று எவ்வளவு தண்ணீர் எடுக்க முடியும்? கால் கழுவ அது சரியாகிவிடும். கழிவை உள்ளே தள்ள மிச்சம் இருக்காது. அடுத்து வருபவர் பீங்கானில் உட்காரக் கூசி ஓரத்தில் உட்கார்வார். அதற்கடுத்தவர் உள்ளே காலே வைக்கமாட்டார். தரையில் தேங்கிய ஈரத்தில் தகரக் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிரும். பல்பு ஃபியூஸ் போகும், மாற்ற ஆள் வராது. இந்த லட்சணத்துக்குக் காசு வேறா என்று மக்கள் கொடுக்க மறுப்பார்கள். காசு வராததால் காவலுக்கு உட்கார்ந்தவர் வேலையை விடுவார். மின்கட்டண பாக்கி ஏறும். கடைசியில் ஒரு பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மாநகராட்சியைக் கைகாட்டுவார், மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் தன் காலம் முடிந்துவிட்டது என்பார்.

இந்தக் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான், “இவங்களுக்கு எவ்வளவு கட்டிக் கொடுத்தாலும் சுத்தமா வச்சுக்கத் தெரியாது” என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. அதே சந்துக்குள் நடந்து பாருங்கள். ஒன்றரை அடி வாசலையும் காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டி, இருக்கிற இடத்தில் கோலம் போட்டிருப்பார்கள். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்திருப்பார்கள். சுத்தம் தெரியாதவர்களா அவர்கள்? முதல் நாள் மோட்டார் எரிந்தபோது அதை மாற்றுவது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதி வைக்காததால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

இதன் சுமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இருட்டில் போக நேருமோ என்று ராச்சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன. பல கழிப்பிடங்களை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டாத இடத்தில் விளக்கு இருக்காது, அல்லது வாசலில் ஆண்கள் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஆண், பெண் இரு பக்கத்துக்கும் வாசலை ஒரே முகப்பில் வைத்துக் கட்டிய கட்டடங்களில் இது தினசரித் தொல்லை. ஒரு சுவரைத் திருப்பி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். வரைபடம் போட்ட மேசையில் அந்தத் தெருப் பெண் ஒருவர்கூட உட்காரவில்லை என்பதைத்தான் அந்தச் சுவர் காட்டுகிறது.

மாதவிலக்கு நாட்களில் துணியோ நாப்கினோ மாற்றத் தனிமையும் தண்ணீரும் வேண்டும். போட ஒரு மூடிய தொட்டி வேண்டும். தொட்டி இல்லாவிட்டால் நாப்கின் பீங்கானுக்குள் போகிறது. அது குழாயை அடைக்கிறது. அடைப்பெடுக்க ஒரு மனிதர் கைவிட வேண்டிவருகிறது. ஒரு சாதாரணச் சாமான் இல்லாததில் தொடங்கி, சட்டம் தடை செய்த ஒரு வேலையில் போய் முடிகிறது.

குழந்தைகளைப் பற்றி நாம் யோசிப்பதே குறைவு. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பீங்கானின் குழி பெரியது, உள்ளே இருட்டு, கதவைச் சாத்தினால் பயம். வரிசையில் பெரியவர்கள், “நீ வெளியில போடா” என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே சாக்கடை ஓரம்தான் அவர்களுக்கு. பிள்ளை மலம் தீங்கில்லாதது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில் கிருமித் தொற்றும் வயிற்றுப்போக்கும் அதிகம் உள்ள வயது அதுதான். நோய்க்கிருமிகள் அதில் நிறைய இருக்கும். முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இன்னொரு தடை: செப்டிக் டேங்க்கின் மேலேயே கட்டடத்தை எழுப்புவதால் வாசலுக்கு நாலைந்து படி ஏற வேண்டும். கைப்பிடி இருக்காது. உட்கார்ந்து எழ மேல்நாட்டுப் பீங்கான் ஒன்றாவது இருக்காது.

திறந்தவெளி மலம் கழித்தலற்ற நகரம் என்று அறிவிப்பதற்கான விதியில், வீட்டில் இடமில்லாதவர்களுக்கு 500 மீட்டருக்குள் ஒரு சமுதாயக் கழிப்பிடம் இருந்தால் போதும் என்று இருக்கிறது. 500 மீட்டர் என்பது போகவர ஒரு கிலோமீட்டர். மூட்டுவலி உள்ள பாட்டிக்கு இரவு இரண்டு மணிக்கு வயிற்றைக் கலக்கினால் இந்த அளவு எந்தப் பொருளும் தராது. விதியை எழுதியவர்களுக்கு நல்லெண்ணம் இருந்திருக்கலாம். என்னால் அந்த எண்ணை ஏற்க முடியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு திருச்சிக்கு வர வேண்டும். நடத்தினால் நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கிற சான்று அது. அதை நாமே போதிய அளவு பேசுவதில்லை.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் 1987இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு வாக்கில், வாட்டர்எய்டு அமைப்பின் உதவியோடு, நகரின் குடிசைப் பகுதிகளில் வேலையை ஆரம்பித்தார்கள். மாநகராட்சி கட்டிப் பாழாய்க் கிடந்த கழிப்பிடங்களைப் பழுதுபார்ப்பதும், புதியவை கட்டுவதும் அதில் ஒரு பகுதி. முக்கியமான பகுதி வேறு. அந்தத் தெருவிலேயே இருந்த மகளிர் சுய உதவிக்குழுக்களிலிருந்து சிலரைத் தேர்ந்து ‘ஷீ டீம்’ என்று ஒரு குழு அமைத்து, கழிப்பிடத்தின் சாவியையும் கல்லாவையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தெருப் பெண்கள். காந்தி மார்க்கெட் அருகிலுள்ள கல்மந்தை என்ற குடியிருப்பு, 2002இல் திறந்தவெளிக்கு யாருமே போகாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தூய்மை இந்தியா திட்டம் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால்.

எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. வாசலில் ஒரு சின்ன மேசை, டோக்கன் கட்டு, ஒரு நோட்டு. தொடக்கத்தில் தடவைக்கு 50 காசு. பின்னால் ஒரு ரூபாய். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் காசு கிடையாது. மேசையில் உட்காருவது குழுப் பெண்களில் ஒருவர். முறை வைத்து மாறுவார்கள். கழுவுவதற்குச் சம்பளத்துக்கு ஆள். அன்றாட வரவை நோட்டில் எழுதி வங்கிக் கணக்கில் போடுவார்கள். அந்தப் பணத்திலிருந்து மின்கட்டணம், பினாயில், பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, பல்பு, தாழ்ப்பாள், மோட்டார் பழுது எல்லாம். மாதக் கூட்டத்தில் கணக்கைப் படிப்பார்கள். மிச்சம் இருந்தால் தெருவிளக்குக்கோ, குழுவில் ஒருவரின் அவசரக் கடனுக்கோ, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கோ போகும்.

முன்னே சொன்ன அந்தப் பாழடையும் சங்கிலியை இதோடு பொருத்திப் பாருங்கள். மோட்டார் எரிகிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் வராதது அன்று காலையே தெரியும், ஏனென்றால் வரிசையில் நிற்கிற இருபது பேர் அவரிடம்தான் சத்தம் போடுவார்கள். அவரும் அதே கழிப்பிடத்துக்குத்தான் போக வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. கல்லாவில் பணம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் மோட்டார் ஓடும். அதே மக்கள், அதே மாதிரிக் கட்டடம். பொறுப்பும் பணமும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தன, அந்த இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது, மாற்றம் அங்கேதான்.

பிள்ளைகளுக்காக அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவர்கள் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, இடுப்பளவுச் சுவருக்குள், வெளிச்சத்தில், கதவில்லாமல், சின்னக் கால்களுக்கேற்ற அகலத்தில் சிறு பீங்கான்கள். அம்மா நின்று பார்த்துக்கொள்ளலாம். பயமில்லை, வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை. ஐந்து வயதுக்குள் கழிப்பறைப் பழக்கம் வந்துவிடுகிறது. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

குழுக்கள் பின்னர் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட கழிப்பிடங்கள் பெண்கள் பொறுப்பில் இருந்தன. கிராமாலயாவின் நிறுவனர் எஸ். தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாம் இனிதே நடக்கிறது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வீடுகளில் கழிப்பறை வர வரச் சமுதாயக் கழிப்பிடத்துக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். வரவு குறைகிறது, மோட்டாருக்கான மின்கட்டணம் குறைவதில்லை. அன்று முப்பது வயதில் சேர்ந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த தலைமுறைப் பெண்களுக்குத் துணிக்கடையிலும் தொழிற்கூடத்திலும் வேலை கிடைக்கிறது. பெயரளவுத் தொகைக்கு டோக்கன் மேசையில் யார் உட்காருவார்கள்? இந்தப் பெண்களின் உழைப்பைத் தொண்டு என்று புகழ்ந்தே கூலி கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். மின்சாரமும் பெரிய பழுதுகளும் மாநகராட்சிக் கணக்கிலும், அன்றாட நிர்வாகம் உரிய சம்பளத்தோடு பெண்கள் கையிலும் இருப்பதுதான் சரியான பங்கீடு.

இதே வழியை மும்பையும் புனேயும் பெரிய அளவில் முயன்றன. 1999 முதல் புனே மாநகராட்சி, ஸ்பார்க் நிறுவனம், தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு, மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பு உள்ளிட்டவற்றோடு சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் 400க்கும் மேற்பட்ட கழிப்பிடங்களைக் கட்டியது. ஆண், பெண் வரிசைகளைத் தனியாகப் பிரித்தார்கள், பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி வைத்தார்கள், காவலாளி குடும்பத்தோடு தங்க மாடியில் ஓர் அறை கட்டினார்கள். அங்கேயே ஒரு குடும்பம் இருப்பதால் இரவிலும் விளக்கு எரியும். மும்பையில் தடவைக்குக் காசு என்பதற்குப் பதில் குடும்பத்துக்கு மாத அட்டை என்ற முறை பரவியது. வயிற்றுக்கடுப்பு வந்த நாளில் காசு எண்ண வேண்டாம் என்பதால் இதுவே மேலானது. தாராவியில் கழிப்பிடத்தை நம்பி வாழ்கிறவர்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய்க் குடியேறிய தமிழர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா அங்கே நுழைந்தபோது, தெருவை அடைப்பதோடு, கழிப்பிடங்களை ஒரு நாளில் பல தடவை கழுவி மருந்தடிப்பதும் முக்கியம் என்று மாநகராட்சி புரிந்துகொண்டது. வீட்டிலேயே இருங்கள் என்ற ஆணையைப் பின்பற்ற, வீட்டுக்குள் கழிப்பறை இருக்க வேண்டுமல்லவா?

அதே மும்பையில் 2017 பிப்ரவரியில் மான்குர்து பகுதியில் ஒரு கழிப்பிடத்தின் தளம் இடிந்து, வரிசையில் நின்றவர்கள் அடியிலிருந்த மலத்தொட்டிக்குள் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். தொட்டி நிறைந்து, வாயு சேர்ந்து, மேல்தளக் கம்பி அரித்துக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உள்ளே இறங்கிப் பார்க்கக் கூடாது. மேலிருந்து சோதிக்க ஆள் நியமிக்க வேண்டும். கட்டடம் கட்டும் திட்டங்களில் இந்தச் செலவுக்கு ஒரு வரியும் இருப்பதில்லை.

பகிர்ந்த கழிப்பறையால் நோய் குறைகிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், நாம் விரும்பும் அளவுக்கு இல்லை என்பதே. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நாடுகளின் நிலையைக் கணக்கெடுக்கும்போது, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் பகிரும் கழிப்பறையை அடிப்படை வசதி என்று எண்ணுவதில்லை. அதற்கு ஒரு படி கீழே வைக்கிறார்கள். மொசாம்பிக் நாட்டின் மபுட்டோ நகரில் குடிசைப் பகுதிகளில் நல்ல பகிர்வுக் கழிப்பறைகள் கட்டிக்கொடுத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2021இல் வந்தன. மொத்தத்தில் குடல் தொற்று குறையவில்லை. ஆனால் கழிப்பறை வந்த பிறகு அங்கே பிறந்த குழந்தைகளிடம் ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமியும் சாட்டைப்புழுவும் குறைவாக இருந்தன. கழிப்பறை ஒன்று மட்டும் வந்து, தெருச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் கோழியும் தரையும் பழையபடியே இருந்தால் கிருமி வேறு வழியில் வந்துவிடும் என்று புரிந்துகொள்ளலாம். இதைக் காட்டிக் கழிப்பறையே வேண்டாம் என்று வாதிடுவது அநியாயம். இருட்டில் ரயில் தண்டவாளத்தோரம் போகாமல் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொள்ள முடிவதை எந்தப் பரிசோதனையும் அளப்பதில்லை.

இனி கட்டடத்தின் கீழே இருப்பதைப் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவு செப்டிக் டேங்க்குக்குப் போகிறது. கனமான பகுதி அடியில் படியும், எண்ணெய்ப்பிசுக்கு மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீர் தெளிந்ததுபோலத் தெரிந்தாலும் கிருமி நிறைந்தது. மண்ணுக்குள் இறங்கி வடிகட்டப்பட வேண்டும். நெருக்கமான குடியிருப்பில் மண் ஏது? குழாயை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுகிறார்கள். கழிப்பிடம் சுத்தமாக இருக்கும், அதன் கழிவு மட்டும் அடுத்த தெருப் பிள்ளைகள் விளையாடும் கால்வாயில் ஓடும். அடியில் படிந்ததை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் புழங்கும் தொட்டி அதற்கும் முன்பே நிறைந்துவிடும். லாரி அந்தச் சந்துக்குள் வராது, குழாய் எட்டாது. அப்போதுதான் யாரையாவது இறக்கிவிடலாம் என்ற பேச்சு எழுகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியும் உடையும் இன்றி மனிதரைச் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன் அது 10 லட்சமாக இருந்தது. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டதே என்று நினைத்து இறங்குபவர் இரண்டொரு மூச்சில் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். இந்த வேலைக்குத் தலைமுறைகளாக யாரைத் தள்ளியிருக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் தெருவில் யாராவது ஆளை இறக்க ஏற்பாடு செய்தால் 14420 என்ற எண்ணில் சொல்லுங்கள். இயந்திரத்தோடு வண்டி அனுப்புவதற்கான எண் அது.

இங்கேயும் திருச்சி ஒரு வழி காட்டியிருக்கிறது. 2015இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற சுகாதார ஆதரவுத் திட்டம் திருச்சியையும், கோவைக்கு அருகிலுள்ள பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளையும் எடுத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரையுள்ள முழு வழியையும் சரிசெய்யப் பார்த்தது. திருச்சியில் லாரிகள் கழிவை ஆற்றோரத்தில் கொட்டாமல், குறிப்பிட்ட கழிவுநீர் உந்து நிலையங்களில் இறக்குகின்றன. அது பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. புதிய பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும்போது, முதல் இணைப்பை அந்தப் பகுதியின் சமுதாயக் கழிப்பிடத்துக்குக் கொடுத்தால், ஒரே இணைப்பில் நூறு குடும்பத்தின் கழிவு ஒழுங்கான வழிக்கு வரும். வழக்கமாக முதல் இணைப்பு போவது பெரிய தெருக்களுக்கு.

நீங்கள் அப்படியொரு குடியிருப்பில் வசித்தாலும், பக்கத்துத் தெருவில் வசித்தாலும், கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே போய், புதிய கழிப்பிடம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், இருக்கிற கழிப்பிடத்தின் கணக்கைக் கேளுங்கள். எத்தனை கதவு இன்று பூட்டும் தாழ்ப்பாளுமாக வேலை செய்கிறது, இரவில் திறந்திருக்கிறதா, பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறதா, தொட்டியைக் கடைசியாக எந்த மாதம் காலி செய்தார்கள், லாரி அதை எங்கே கொண்டுபோய் இறக்கியது, கழுவுகிறவருக்குச் சம்பளம் எவ்வளவு, கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மோட்டார் எரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், அந்தச் செலவு எந்தக் கணக்கில் போகிறது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள்.